இணையத்துக்கு யார் காசு கொடுப்பது?

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு புகைப்படத்தைப் பற்றி அமெரிக்கா முழுவதும் பேசினார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் என்று ஓர் ஊர். கீரையும் காய்கறியும் ஏராளமாக விளையும் ஊர். அங்கே ஓர் உணவகத்துக்கு வெளியே, தரையில், இரண்டு சிறுமிகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட வரவில்லை. பாடம் படிக்க வந்திருந்தார்கள்!

கரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. வகுப்புகள் எல்லாம் கணினி வழியேதான். வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? உணவகத்தின் 'வைஃபை' வாசல் வரை எட்டியது. அதுதான் அவர்களுடைய வகுப்பறை. படம் பரவிய பிறகு, பள்ளி நிர்வாகம் அவர்களுக்கு இணையம் தரும் சிறு கருவி ஒன்றைக் கொடுத்தது.

"அமெரிக்காவிலா இப்படி?" என்றுதானே கேட்கிறீர்கள்? தெருவரை கேபிள் வந்திருந்தாலும், மாதக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. அதனால் 2021 மே மாதம் அவசர உதவியாக, ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 50 டாலர் வரை அரசே ஏற்றது. இப்படி அரசு ஒரு பங்கை ஏற்பதற்குத்தான் 'மானியம்' என்று பெயர்.

அதே ஆண்டு நவம்பரில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட சட்டம், இதைப் பெரிய திட்டமாக மாற்றியது. ஒதுக்கிய தொகை 1,420 கோடி டாலர்! ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 டாலர் வரை தள்ளுபடி. நம் பணத்தில் சுமார் 2,500 ரூபாய். செவ்விந்தியப் பழங்குடியினரின் நிலங்களில் வசிப்பவர்களுக்கு 75 டாலர் வரை. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் குடும்பங்களும் இதில் சேரலாம். பணம் குடும்பத்தின் கைக்கு வராது. இணைய நிறுவனத்துக்குப் போகும். பில்லில் அந்தத் தொகை கழிந்துவிடும். 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன.

பணம் வேகமாகக் கரைந்தது. "இன்னும் பணம் போடலாமா?" என்ற கேள்வி வந்ததும் சண்டையும் வந்தது.

2023 டிசம்பரில் டெட் குரூஸ், ஜான் தூன் உள்ளிட்ட குடியரசுக் கட்சித் தலைவர்கள் கேள்வி எழுப்பினார்கள். "சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே இணையம் வைத்திருந்தவர்கள்தானே? அவர்களுக்கு ஏன் மக்களின் வரிப்பணம்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். தகவல் தொடர்பு ஆணையம் ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பதில் சொன்னது. 68 சதவீதம் பேருக்கு முன்பு இணையமே இல்லை, அல்லது விட்டு விட்டுத்தான் இருந்தது.

இந்த 'விட்டு விட்டு' என்பதைக் கவனியுங்கள். ஓட்டைக் குடை வைத்திருப்பவரைக் குடை உள்ளவர் என்பதா, இல்லாதவர் என்பதா? ஒரு மாதம் கட்டணம் கட்டி, அடுத்த மாதம் கட்ட முடியாமல் இணைப்பை இழந்த வீடும் அப்படித்தான். இரண்டு தரப்பும் ஒரே வீட்டைப் பார்த்து வேறு வேறு கணக்குப் போட்டன. எனக்கு ஆணையத்தின் கணக்கே சரியாகப் படுகிறது.

2024 ஜனவரியில் மேலும் 700 கோடி டாலர் கேட்டு மசோதா வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆதரித்தார்கள். பின்னாளில் துணை அதிபரான ஜே.டி. வான்ஸ் கூட அதில் ஒருவர். கீழ்ச்சபையில் பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் நிறைவேறியிருக்க வேண்டுமே? இல்லை! எந்த மசோதாவை வாக்கெடுப்புக்கு எடுப்பது என்று முடிவு செய்பவர்கள் சபைத் தலைவர்கள். இதை அவர்கள் எடுக்கவே இல்லை.

பிப்ரவரியிலேயே புதிதாகச் சேர்ப்பது நின்றது. ஏப்ரல்தான் முழுத் தள்ளுபடி கிடைத்த கடைசி மாதம். மே மாதம் கொஞ்சம் கிடைத்தது. 2024 ஜூன் 1-ஆம் தேதி திட்டம் முடிந்தே போனது.

ஒன்றுமே மிச்சமில்லையா? 1985-இல் தொலைபேசிக்காகத் தொடங்கிய 'லைஃப்லைன்' என்ற பழைய திட்டம் உண்டு. அதில் மாதம் 9.25 டாலர்தான் தள்ளுபடி. இதற்கான நிதி செல்லாது என்று போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில், 6 நீதிபதிகள் ஒரு பக்கமும் 3 பேர் மறுபக்கமுமாக, அந்த நிதி செல்லும் என்று தீர்ப்பானது.

நியூயார்க் மாநிலம் வேறு வழியில் போனது. அரசு பணம் தராது; ஏழைகளுக்கு மாதம் 15 டாலருக்கு இணையம் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கே சட்டம் போட்டது. நிறுவனங்கள் விடுமா? 2021-இல் வந்த சட்டம், வழக்குகளைத் தாண்டி 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. உடனே ஏ.டி. அண்டு டி. நிறுவனம், அந்த மாநிலத்தில் வீடுகளுக்குத் தந்துவந்த 5-ஜி இணையச் சேவையை நிறுத்திக்கொண்டது.