கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம் நிற்பது ஏன்?

ஓசூர் என்றால் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆலைச் சுவரைத் தாண்டினாலோ கேழ்வரகுக் கொல்லைகள், மாந்தோப்புகள்! கர்நாடக எல்லை வரை இப்படித்தான். இரவு ஷிப்டு முடிந்து வரப்பு வழியே வீடு திரும்புகிறவர்கள் உண்டு. டார்ச் விளக்கு இல்லாமல் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் உண்டு. எலியைத் தேடி அதே நேரத்தில் கிளம்புகிறது கண்ணாடி விரியன்! கிட்டே போனால் குக்கர் போலச் சீறும்.

இதன் விஷம் இரத்தத்தைக் கெடுக்கிறது. உறைய வேண்டிய இரத்தம் உறைவதில்லை. ஈறில் கசியும். இரத்த அழுத்தம் இறங்கும். சிறுநீரகம் அடிபடும். கறிக்கடையில் குண்டிக்காய் என்கிறோமே, அதுதான். மூத்திரம் குறைந்து, நிறம் கறுத்து, பிறகு நின்றே போகலாம்.

20 நிமிஷச் சோதனை

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன செய்கிறார்? சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுக்கிறார். 20 நிமிஷம் ஆடாமல் வைக்கிறார். பிறகு சாய்த்துப் பார்க்கிறார். தண்ணீர் போல ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு விஷத்தைச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து இது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில் பேர் பெற்றவர்கள், 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த வடநெம்மேலி இருளர்கள்!

கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுகக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கெடுதல். மந்திரிக்கப் போனால் நேரம் போகும். சில சமயம் கூடவே சிறுநீரகமும் போகும்.

மறுபடி வேலை செய்யுமா?

"கிட்னி போச்சு, மாற்றத்தான் வேணும்" என்று வீட்டார் அழுவார்கள். பொறுங்கள்! திடீரென நின்ற சிறுநீரகம் பல பேருக்கு மீண்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் சுவர் உரிந்து போகிறது. சில வாரங்களில் புதிதாக வளர்கிறது. அதுவரை டயாலிசிஸ் இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது.

வீடு திரும்பியதும் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. அது தப்பு. இப்படிப் பிழைத்தவர்களைப் புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் தொடர்ந்து கவனித்து, 2020-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்குச் சிறுநீரகக் கோளாறு நிலைத்துவிட்டது தெரிந்தது. பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

அடியோடு நின்றுவிட்டால்? வயிற்று வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், அதற்கான பைகளை வீட்டுக்கே கொடுக்க வழி செய்தது.

மூன்று சிறுநீரகம்!

இன்னொரு வழி மாற்று அறுவை. 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, இரட்டைச் சகோதரர்களில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து வெற்றி கண்டார். 1990-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் முதல் வெற்றி, 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் சில மணி நேரப் பயணம்தான்!

பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழைய இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் பொருத்துவார்கள். ஆக, பெற்றவருக்கு மூன்று! கொடுத்தவருக்கு ஒன்று. அந்த ஒன்று சற்றே பருத்து, இரண்டின் வேலையைப் பெருமளவு தானே பார்த்துக்கொள்கிறது.