விரதம், குறைந்த மாவுச்சத்து, 10 நிமிடப் பயிற்சி: எடைக் குறைப்பு குறித்த சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரு நாளில் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, சோறு, இட்லியைக் குறைப்பது, சில நிமிடங்கள் மட்டும் தீவிரமாக உடற்பயிற்சி செய்வது ஆகிய மூன்றும் எடையைக் குறைக்கும் வழிகளாக இப்போது சேர்த்தே பேசப்படுகின்றன. வாட்ஸ்ஆப் குழுக்களிலும் யூடியூபிலும் வரும் ஆலோசனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் அவற்றை அப்படியே பின்பற்றினால் ஆபத்தில் முடியலாம். பொதுமக்களிடம் அடிக்கடி எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

எடையைக் குறைக்க வேண்டிய நிலையில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு இது 23-ஐ எட்டினால் அதிக எடை, 25-ஐ எட்டினால் உடல் பருமன் எனக் கணக்கிடப்படுகிறது. 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு இந்த எல்லைகள் ஏறக்குறைய 62.5 கிலோ, 68 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து அளக்க வேண்டும். தொப்பை உள்ளவர்களுக்கு பேன்ட் அதற்குக் கீழே இறங்கிவிடுவதால், பேன்ட் அளவை இடுப்பளவாகக் கொள்ள முடியாது.

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்றால் என்ன?

சாப்பிடுவதற்கு ஒரு நேர வரம்பு வைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் கலோரி உள்ள எதையும் உட்கொள்ளாமல் இருக்கும் முறை இது. அதிகம் பேர் பின்பற்றும் 16:8 முறையில் 8 மணி நேரத்துக்குள், உதாரணமாகக் காலை 10 மணி முதல் மாலை 6 மணிக்குள், நாளின் உணவு அனைத்தும் முடிந்துவிட வேண்டும். 5:2 முறையில் வாரத்தில் 5 நாள் வழக்கமான உணவு. மீதி 2 நாள் பெண்களுக்கு 500 கலோரி, ஆண்களுக்கு 600 கலோரி மட்டும்.

ஏகாதசி விரதமும் ரமலான் நோன்பும் இதே பலனைத் தராதா?

அவற்றின் நோக்கம் வழிபாடு, விதிகளும் வேறு. ஏகாதசி மாதத்துக்கு இரு முறைதான் வருகிறது; சோற்றைத் தவிர்த்துவிட்டு இரவில் நெய்யும் முந்திரியும் சேர்த்த ரவை உப்புமாவைப் பலகாரமாக எடுத்துக்கொண்டால் அன்றைய கலோரி பெரிதாகக் குறைவதில்லை. ரமலான் நோன்பில் பகலில் தண்ணீரும் அருந்துவதில்லை. எடைக் குறைப்புக்கான விரதத்தில் தண்ணீருக்குத் தடை இல்லை. தண்ணீரைக் குறைத்தால் தலைவலி, மலச்சிக்கல் வரலாம்.

விரத நேரத்தில் காபி குடிக்கலாமா?

பாலும் சர்க்கரையும் சேர்க்காத கருங்காபி, கட்டன் சாயா குடிக்கலாம். 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் ஏறக்குறைய 100 கலோரி இருப்பதால் அது உணவுக் கணக்கில் சேரும். இளநீர், மோர், பழச்சாறு ஆகியவற்றுக்கும் இதே விதி.

காலை உணவை விடுவதா, இரவு உணவை விடுவதா?

உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் காலையில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் இருப்பதால், இரவு உணவை முன்கூட்டியே முடிப்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. ஆனால், வேலை முடிந்து இரவு 9 மணிக்குக் குடும்பத்துடன் சாப்பிடுபவர் மாலை 4 மணியோடு நிறுத்துவது நீண்ட நாள் நடக்காது. பல மாதங்களுக்குக் கடைப்பிடிக்கக்கூடிய நேரமே தேர்வுக்கு உரியது.

இந்த விரதத்தால் எத்தனை கிலோ குறையும்?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குக் குறைவதில்லை. அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 0.94 கிலோவும், மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு 0.68 கிலோவும் குறைந்தன. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், காலை 8 முதல் மாலை 4 வரை சாப்பிட்டவர்களுக்கு 8 கிலோவும், நேர வரம்பு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல்படி இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அல்ல. குவாங்சோவில் இரு தரப்பினருக்கும் ஆண்களுக்கு 1,500–1,800, பெண்களுக்கு 1,200–1,500 கலோரி என்ற உச்ச வரம்பு இருந்தது. அமெரிக்க ஆய்வில் அப்படி எதுவும் இல்லை. எடை பெரும்பாலும் அந்தக் கலோரி வரம்பால் குறைந்திருக்கிறது, கடிகாரத்தால் அல்ல.

அப்படியானால் விரதம் எதற்கு?

கலோரி கணக்குப் பார்க்க முடியாதவர்களுக்கு, இரவு நேரக் கொறிப்பையும் மாலை நேர வடை, பஜ்ஜியையும் தடுக்கும் எளிய வேலியாக இது உதவுகிறது. எல்லாருக்கும் எளிது என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விரதம் இருக்கும் முறையை சிகாகோவில் 100 பேரிடம் ஓராண்டு சோதித்த ஆய்வில், விரதக் குழுவில் 38 சதவீதம் பேரும், தினமும் அளவைக் குறைத்துச் சாப்பிட்ட குழுவில் 29 சதவீதம் பேரும் பாதியில் விலகினர்.

விரதத்தின்போது செல்கள் தம்மைத்தாமே சுத்தம் செய்துகொள்வதை நிரூபித்ததற்கு நோபல் பரிசு கிடைத்ததாகச் சொல்வது உண்மையா?

பாதி உண்மை. செல்கள் தம் கழிவுப் பகுதிகளைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் ‘ஆட்டோஃபேஜி’யின் செயல்முறையைக் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவ நோபல் வழங்கப்பட்டது. அவருடைய அடிப்படை ஆய்வு ஈஸ்ட் செல்களில் நடந்தது. மனிதர்கள் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் நோய் தீரும் என்பதற்கு அந்தப் பரிசு சான்று ஆகாது.

விரதம் இருந்தால் இதய நோய் மரணம் 91 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி?

அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டத்தில் 2024 மார்ச்சில் முன்வைக்கப்பட்ட, சுமார் 20,000 பேரின் தகவல்களை அலசிய ஆய்வு அது. இரண்டு நாள்களில் என்ன சாப்பிட்டோம் என்று அவர்கள் நினைவிலிருந்து சொன்னதே அதன் அடிப்படை. 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்கள் திட்டமிட்டு விரதம் இருந்தார்களா, நோயாலோ வேலை நேரத்தாலோ அப்படிச் சாப்பிட்டார்களா என்பது அதிலிருந்து தெரியாது. எனவே விரதமே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது என்பது மட்டும் உறுதி.

குறைந்த மாவுச்சத்து என்றால் எவ்வளவு?

பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ் இருந்தால் குறைந்த மாவுச்சத்து உணவு. 20 முதல் 50 கிராமுக்குள் இருந்தால் கீட்டோ. இந்தியர்களின் உணவில் சராசரியாக 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ ஆய்வு கூறுகிறது; 2,000 கலோரி உண்பவருக்கு அது 310 கிராம் ஆகும்.

இட்லியையும் சோற்றையும் அறவே விட வேண்டுமா?

விட வேண்டியதில்லை, அளவுதான் கணக்கு. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. நடுத்தர இட்லி ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம். காலையில் நான்கு இட்லியும் மதியம் 300 கிராம் சோறும் சாப்பிட்டால் 124 கிராம் ஆகிவிடுவதால், இரவுக்கு இடமே இல்லை. சோற்றை 100 கிராமாக்கி, அந்த இடத்தில் பொரியலையும் கூட்டையும் இரட்டிப்பாக்குவதே நடைமுறையில் பலர் தாக்குப்பிடிக்கும் வழி.

அரிசிக்குப் பதிலாகக் கம்பு, தினை, கேழ்வரகு சாப்பிட்டால் போதாதா?

சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சிறுதானியங்களில் பெரும்பாலும் 60 முதல் 70 கிராம் வரை. நார்ச்சத்து கூடுதல் என்பது அவற்றின் நன்மை. ஆனால் அவை குறைந்த மாவுச்சத்து உணவு அல்ல. கேழ்வரகுக் கூழையும் அளந்தே குடிக்க வேண்டும்.

சைவ உணவு உண்பவர்கள் புரதத்துக்கு என்ன செய்வது?

ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 70 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 58 கிராம் புரதம் தேவை. பன்னீர், தயிர், சோயா, நிலக்கடலை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றைச் சேர்த்தால் இது எட்டக்கூடியதே. பருப்பிலும் சுண்டலிலும் மாவுச்சத்தும் கணிசமாக உண்டு என்பதால், கீட்டோ அளவுக்கு இறங்குவது சைவர்களுக்குக் கடினம். முட்டை சேர்ப்பவர்களுக்கு ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம் கிடைக்கும்.

முதல் வாரத்திலேயே 2, 3 கிலோ குறைகிறதே?

அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீர் தங்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் இவை இரண்டும் வெளியேறுவதால் எடை இறங்குகிறது. ஒரு கல்யாண விருந்தில் மீண்டும் ஏறுவதற்கும் இதுவே காரணம்.

கொழுப்பு உணவைக் குறைப்பதைவிட மாவுச்சத்தைக் குறைப்பது சிறந்ததா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் ஓராண்டு நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோவும் குறைந்தன. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மாவுச்சத்தைக் குறைத்து நெய், வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சியைக் கூட்டுவோரில் சிலருக்கு எல்.டி.எல். கொலஸ்ட்ரால் உயர்கிறது. எனவே தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்வது அவசியம்.

‘ஹிட்’ பயிற்சி என்பது எது?

சில விநாடிகள் முழு வேகம், பிறகு சிறு ஓய்வு, மீண்டும் முழு வேகம் என்று மாறி மாறிச் செய்யும் பயிற்சி. ஜப்பானின் இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட முறையில் 20 விநாடி பயிற்சி, 10 விநாடி ஓய்வு என 7 அல்லது 8 சுற்று. மொத்தம் சுமார் 4 நிமிடம்.

வாரத்தில் மூன்று நாள், 10 நிமிடம் செய்தால் எடை குறைந்துவிடுமா?

இதயமும் நுரையீரலும் திறன் பெறும் என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி வேகம் மூன்று முறை இடம்பெற்ற 10 நிமிடப் பயிற்சியும் 45 நிமிட மிதமான சைக்கிள் பயிற்சியும் 12 வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு உடல்திறனைத் தந்தன. ஆனால் 10 நிமிடத்தில் செலவாகும் கலோரி குறைவு. இரண்டு வடை அதை ஈடுகட்டிவிடும். எடைக்கு உணவே முதன்மை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சிக்கும், இரண்டு நாள் தசைப் பயிற்சிக்கும் இது துணை.

இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்கள் எப்படித் தொடங்குவது?

3 நிமிடம் வேக நடை, 3 நிமிடம் மெதுநடை என்று ஐந்து முறை மாற்றி 30 நிமிடம் நடப்பது பாதுகாப்பான தொடக்கம். ஜப்பானில் நடுத்தர வயதினர், முதியோரிடம் சோதிக்கப்பட்ட முறை இது. 40 வயதைக் கடந்தவர்களும், ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் தீவிரப் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் விரதம் இருக்கலாமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே விழக்கூடும். மருத்துவர் மருந்தளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தைப் பெருமளவு குறைத்தால், சர்க்கரை அதிகம் உயராமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்து நேரலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குத் தாழ்சர்க்கரை ஆபத்து குறைவு.

சர்க்கரை திடீரென இறங்கினால்?

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உடனே 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விரதம் கலைந்துவிடுமே என்று தயங்கக் கூடாது. நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

விரதத்தையும் மாவுச்சத்துக் குறைப்பையும் யார் தொடங்கவே கூடாது?

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், டைப்-1 நீரிழிவு உள்ளவர்கள், பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழ் உள்ளவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் அல்லது அளவின்றி உண்ணும் மனநலப் பிரச்சினை இருந்தவர்கள் தவிர்க்க வேண்டும். உடல் தளர்ந்த முதியோருக்குத் தசை இழப்பு ஆபத்து அதிகம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எடை இறங்கும்போது அழுத்தமும் இறங்குவதால், மாத்திரையைக் குறைக்க வேண்டிவரலாம். அதைத் தாமாகச் செய்யக் கூடாது.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்கலாமா?

கூடாது. இரவு 8 முதல் காலை 8 வரை 12 மணி நேர இடைவெளியும் மதியச் சோற்றில் குறைப்பும் முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். பழகிய பிறகு நேரத்தை நீட்டி, பயிற்சியைச் சேர்க்கலாம். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். அதைவிட வேகமாகக் குறைந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும் பித்தப்பைக் கல் உருவாவதும் நேரலாம்.

இலக்கை அடைந்த பின் நிறுத்திவிடலாமா?

பழைய உணவுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 80 கிலோவில் 4 கிலோ குறைந்து அப்படியே நின்றாலே ரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் மேம்படும் என்பதால், 20 கிலோ குறைத்து 20 கிலோ ஏற்றிக்கொள்வதைவிட அது மேல்.

இதற்குச் செலவு எவ்வளவு ஆகும்?

கட்டணச் செயலி, கீட்டோ பொடி, ‘கொழுப்புக் கரைப்பான்’ மாத்திரை எதுவும் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும் எடை காட்டும் கருவியும் போதும். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ள ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பணியாளர்களிடமும் இவற்றைச் செய்துகொள்ளலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த மருந்துச் சீட்டுடன் மருத்துவ அலுவலரைப் பார்த்த பிறகே உணவு நேரத்தை மாற்ற வேண்டும்.