எறும்பைப் பார்க்க எந்த மைக்ராஸ்கோப்?

"1,000 மடங்கு பெரிதாகக் காட்டும்!"

பெட்டியில் இப்படி அச்சடித்திருக்கும். எறும்புப் பித்துக் கொண்ட பையனுக்கு அப்பா அதை வாங்கித் தருகிறார். பையன் ஆவலோடு எறும்பை வைத்துப் பார்க்கிறான். தெரிவது என்ன? வெறும் கறுப்பு நிழல்!

கருவி மீது குற்றம் இல்லை. அதில் வெளிச்சம் அடியிலிருந்து வரும். வெங்காயச் சவ்வு போன்ற மெல்லிய பொருளுக்கு அது ஏற்றது. எறும்பின் உடலை ஒளி ஊடுருவாது.

எது தேவை?

எறும்புக்கு ஏற்றது "ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்". இரு கண்களாலும் பார்க்கலாம். மேடு பள்ளம் தெரியும். வெளிச்சம் மேலிருந்து விழும். லென்சுக்கும் எறும்புக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஆகவே எறும்பை இடுக்கியால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். 10 முதல் 40 மடங்கு போதும்.

இடுப்பைப் பாருங்கள்

எறும்பின் இனத்தை அறிய முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்புக்கு இடுப்பில் ஒரே கணு. இதைப் பார்க்க 10 மடங்கு கைலென்சே போதும்.

வீட்டுக்குள் வரும் "ஃபாரோ எறும்பு" சுமார் 2 மில்லி மீட்டர்தான். அதற்கு இடுப்பில் இரண்டு கணு. உணர்கொம்பில் 12 துண்டுகள். கடைசி மூன்றும் பருத்திருக்கும். அவற்றை எண்ணத்தான் மைக்ராஸ்கோப் வேண்டும்.

முதலில் கைலென்ஸ் வாங்குங்கள். பையனின் ஆசை நிலைத்தால் பிறகு மைக்ராஸ்கோப். கடைக்குப் போகும்போது செத்த எறும்பு ஒன்றைத் தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். கணு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்!