மாலை கழற்றிய பின்: குடியிலிருந்து மீள்வோரின் வலியும் கோபமும்

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலையிடுவோரும், தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரும் செட்டிநாட்டில் ஏராளம். ஆண்டு முழுதும் குடிப்பவர்கள்கூட இந்த விரத நாள்களில் மதுவைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு மண்டலம் உறுதியாக நின்றவர்களில் பலர் மாலையைக் கழற்றிய சில நாள்களிலேயே மீண்டும் கடை வாசலில் நிற்பதும், அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று ஊரார் தீர்ப்புச் சொல்வதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அந்தத் தீர்ப்பு நியாயமானதன்று. விரதம் மதுவை விலக்குகிறதே தவிர, மது இதுவரை மறைத்து வைத்திருந்த உடல்வலியையும் மனஅழுத்தத்தையும் கோபத்தையும் குணப்படுத்துவதில்லை; அவற்றுக்கு மருத்துவம் பார்க்காதவரை குடியை நிறுத்தியவருக்கு மறுபடியும் குடிப்பதே தெரிந்த ஒரே மருந்தாக இருக்கும்.

குடிப்பவரிடம் காரணம் கேட்டால், “உடம்பு அலுப்புக்குத்தான்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட இயலாது. கண்ணாடித் தட்டின் மேல் வைத்த இரும்புச் சட்டத்துக்குள் நிறச் சாந்தைக் கையால் ஊற்றி, காய்ந்த கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றும் ஆத்தங்குடித் தரைக்கல் தொழிலாளி, கண்டாங்கிச் சேலைத் தறியில் பல மணி நேரம் அமர்ந்து மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளி, கல்யாண வீடுகளில் பெரிய அடுப்புகளின் முன்னே நின்று இரவும் பகலும் சமைக்கும் சமையல்காரர் ஆகியோரின் இடுப்பும் முழங்காலும் தோளும் படும் பாடு உண்மையானது. மது மூளையின் செயல்பாட்டை மந்தப்படுத்துவதால் வலியுணர்வு சற்று நேரம் குறையவும் செய்கிறது. நாளாக நாளாக உடல் அந்த அளவுக்குப் பழகிவிடுவதால் அதே ஆறுதலுக்கு மேலும் அதிகம் குடிக்க வேண்டியிருக்கிறது. போதை இறங்கும் வேளைகளில் நரம்புகள் முன்னைவிடக் கூர்மையாக வலியை உணர்கின்றன.

அதோடு மதுவே புதிய வலிகளையும் உண்டாக்குகிறது. நீண்டகாலக் குடியாலும், அதனால் நேரும் தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாட்டாலும் கால் நரம்புகள் சேதமடைந்து பாதங்கள் எரிகின்றன. தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து இடுப்பு மூட்டு சிதையலாம். கணையம் வீங்கித் தாங்க முடியாத வயிற்றுவலி வரலாம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. இந்த நிலையில் நரம்பு மண்டலமே வலியைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுவதாலும், குடியை நிறுத்திய தொடக்க வாரங்களில் உறக்கம் கெடுவதாலும், நிறுத்தியவருக்கு வலி கூடிவிட்டதாகவே தோன்றும். “குடித்தபோது நன்றாகத்தானே இருந்தேன்” என்ற எண்ணம் எழுவது இந்தக் கட்டத்தில்தான். இது கடந்து போகும் கட்டம் என்பதை அவரிடமும் குடும்பத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது சிகிச்சையின் முக்கியமான பகுதியாகும்.

வலிக்கு மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்குவது இவர்களுக்குப் பிறரைவிட ஆபத்தானது. மதுவால் புண்பட்ட இரைப்பையில் சாதாரண வலிநிவாரணிகள் இரத்தக்கசிவை ஏற்படுத்தக்கூடும். கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தால் பாராசிட்டமாலின் அளவைக்கூட மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். டிராமடால் போன்ற, அபின் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் ஓர் அடிமைத்தனத்தின் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். அதன் பொருட்டே 2018இல் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. மாத்திரைக்கு அப்பால் நெடுநாள் பயன் தருவது தசைகளை வலுவாக்கும் இயன்முறைப் பயிற்சிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சிகிச்சை, தேவைப்படுவோரின் வீட்டுக்கே வருகிறது. வலி குறைந்த நாளில் இரட்டை வேலை செய்து மறுநாள் படுத்துவிடாமல், வேலையை இடைவெளி விட்டுப் பிரித்துச் செய்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே. எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு இது எளிதன்று என்பதை அறிவுரை சொல்பவர்கள் மறக்கக் கூடாது.

கோபத்தின் கதையும் இதுபோன்றதே. மீண்டும் குடிக்கத் தொடங்குவதன் காரணங்களை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும், கோபம், சோர்வு போன்ற கசப்பான மனநிலைகள், பிறருடன் ஏற்படும் பிணக்கு, கூட்டாளிகளின் வற்புறுத்தல் ஆகிய மூன்றையும் முதன்மையானவையாகக் கண்டனர். மதுவுக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை சமநிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகின்றன. அதுவரை சிறு சொல்லும் பெரிதாகச் சுடும். இன்னொரு புறம், கடனையும் அவமானத்தையும் அடியையும் பல ஆண்டுகள் தாங்கிய மனைவி, “இன்றைக்கும் குடித்தீர்களா?” என்று சந்தேகத்தோடு கேட்பதும் இயல்பே. அவருடைய கோபத்துக்கும் இடம் கொடுக்காத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டதும், மஞ்சக்குடி கிராமத்தில் அது நடத்திய முகாம்கள் மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தாரிடமே சிகிச்சையைக் கொண்டுசென்றதும் நம் மாவட்டங்கள் அனைத்துக்கும் பொருந்தும் முன்மாதிரிகள்.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரும் மாலை வேளையே மிகவும் அபாயமானது என்பது குடிநோயாளிகளின் சுய உதவிக் குழுக்கள் அனுபவத்தில் கண்டது. வேலை முடிந்ததும் வயிறார உண்பதும், வாக்குவாதம் முற்றும் முன்பே சற்றுத் தொலைவு நடந்துவிட்டு வருவதும் சிறியனவாகத் தோன்றினாலும் பலன் தருபவை. குடிக்கும் வேட்கை எழுந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல், அது ஏறி இறங்கும்வரை மூச்சைக் கவனித்தபடி பொறுத்திருக்கும் முறையை மார்லட் பயிற்றுவித்தார். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அந்த வேட்கை தணிந்துவிடும். கடன் தரும் அழுத்தம் மட்டும் மூச்சுப் பயிற்சியால் தீராது. அதற்குக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விரதத்தில் கூட்டாளிகளும் ஒழுங்கும் வீட்டாரின் மரியாதையும் ஒருசேரக் கிடைக்கின்றன. குடியை நிறுத்த அதைவிட நல்ல தருணம் இந்தப் பகுதியில் அரிது. ஆயினும் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாள்களில் வலிப்பும், அதையடுத்து உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் நேரக்கூடும். ஆகவே மாலை போடுவதற்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்று, குடியின் அளவையும் உடலின் வலியையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்தே பேச விரும்புவோர் போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணான 14446ஐயும், மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண்ணான 14416ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம்.