பழைய கார்களின் உலோக அலங்காரப் பட்டைகள்: கழற்றுவதும் மீட்டெடுப்பதும் எப்படி?

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினி ஆகிய கார்கள் இன்று சேகரிப்பாளர்களின் பெருமைக்குரிய உடைமைகளாக மாறியுள்ளன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் வாகனங்களே பாரம்பரிய வாகனங்களாகக் கருதப்படுகின்றன. எனவே, புதிய பாகங்களைப் பொருத்துவதைவிடப் பழையவற்றைக் காப்பாற்றுவதே முக்கியமாகிறது. உற்பத்தி நின்றுவிட்ட கார்களில், வளைந்து கெட்டுப்போன ஒரு பட்டைக்கு மாற்று கிடைப்பது அரிது.

எந்த உலோகம்?

முதலில் உலோகத்தை அடையாளம் காண வேண்டும். பம்பர்கள் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பாலானவை; காந்தம் வலுவாக ஒட்டும். பக்கவாட்டுப் பட்டைகள் எவர்சில்வராகவோ, எடை குறைந்த அலுமினியமாகவோ இருக்கலாம். சின்னங்களும் கைப்பிடிகளும் பல கார்களில் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. இவை எளிதில் உடையும் என்பதால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தக் கூடாது.

கழற்றும் முறை

ஒவ்வொரு பட்டையையும் புகைப்படம் எடுத்து, அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பல பட்டைகள் கதவின் உட்புறத்திலிருந்து நட்டுகளாலும், சில கிளிப்புகளாலும் பிடிக்கப்பட்டிருக்கும். துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் இட்டு, சில மணி நேரம் ஊறவிட்ட பின்னரே திருக வேண்டும். திருப்புளியால் நெம்பினால் பட்டை வளையும், பெயின்ட்டும் கீறும். பெயின்ட் மீது ஒட்டுநாடா ஒட்டி, பிளாஸ்டிக் ஆப்பினால் சிறிது சிறிதாக விடுவிப்பதே பாதுகாப்பானது.

மெருகேற்றுதல்

எவர்சில்வர் பட்டையின் நெளிவை, மரக்கட்டை மீது வைத்து உட்புறத்திலிருந்து மெதுவாகத் தட்டி நிமிர்த்தலாம். பின்னர் 400-இல் தொடங்கி 1000-க்கு மேல் வரையிலான உப்புத்தாள்களால் படிப்படியாக நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சுழலும் மெருகுச் சக்கரம் பட்டையைப் பிடுங்கி வீசக்கூடும் என்பதால் கண்ணாடிக் கவசம் அவசியம்.

குரோம் பூச்சுக்கு இம்முறை பொருந்தாது. மிக மெல்லிய அப்பூச்சு, உப்புத்தாள் பட்டால் தேய்ந்து போய்விடும். லேசான துருவை மென்மையான மெருகுப் பசையால் நீக்கலாம். பூச்சு உரிந்திருந்தால் மறுபூச்சு ஒன்றே வழி. பொதுவாகச் செம்பு, நிக்கல், குரோம் என அடுக்கடுக்காகப் பூசப்படும் அப்பணியில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆகவே, அதனை வீட்டில் முயலாமல் உரிய பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

மீண்டும் பொருத்துகையில்

உடற்கூட்டின் துளைகளில் உள்ள துருவை நீக்கி, பிரைமர் பூச வேண்டும். இருவேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அரிப்பு விரைவாகும். இடையே ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைப்பது இதைத் தடுக்கும். உப்புக்காற்று வீசும் கடலோர நகரங்களில் இந்தச் சிறிய வாஷரே பட்டையின் ஆயுளை நீட்டிக்கும்.