நாலின் மேல் இரண்டு



வேலூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் பள்ளிகொண்டாவைக் கடந்து ஆம்பூரை நெருங்கினால், கண்ணுக்கு முன்னே மூக்குக்கு ஊர் தெரிந்துவிடும் என்று வெளியூர்க்காரர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பல தலைமுறைகளாக நடந்துவரும் தொழில். 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இவ்வூர்களும் வெவ்வேறு மாவட்டங்களுக்குப் போயின. தொழில் மட்டும் பிரியவில்லை. இந்தப் பகுதியில் நான் நெடுங்காலம் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். மாணவர்களுக்கு நான் கற்பித்ததைக் காட்டிலும், ஒரு மாணவனிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்வதே இன்று உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் அடுக்குகளைப் பற்றிய பாடம். கரும்பலகையில் நான்கு என்ற எண்ணை எழுதி, அதன் வலத் தோளின்மேல் சிறியதாக ஓர் இரண்டு எழுதினேன். 4² என்பதன் மதிப்பு என்ன என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "நாலரை, சார்" என்றான். வகுப்பு சிரித்தது. மறுபடி கேட்டேன், மறுபடியும் நாலரைதான். என்னைக் கேலி செய்கிறான் என்று எண்ணி, பாடம் முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். தேர்வுத்தாளில் 4³ என்பதற்கு அவன் நாலேமுக்கால் என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, முன்னேற்ற அறிக்கையில் "கணக்கில் கவனம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சில மாதங்கள் கழித்து, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க ஒரு தோல் ஷாப்புக்குப் போக நேர்ந்தது. டேனரியை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். பதனிட்டு மெருகேற்றிய ஆட்டுத் தோல்களை அளந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தோலின் பின்புறத்திலும் ஓர் எண். அதன் தோளில் ஒரு சிற்றெண். கையில் எடுத்த தோலில் 4² என்று இருந்தது. இது என்ன என்று கேட்டேன். அளவு போடுபவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "நாலரை அடி, சார்" என்றார்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. பெரிய எண் முழு அடி. மேலே உள்ளது கால் அடிகளின் எண்ணிக்கை. 4¹ என்றால் நாலேகால், 4² என்றால் நாலரை, 4³ என்றால் நாலேமுக்கால். அந்த மேலெழுத்து ஒருபோதும் மூன்றைத் தாண்டாது; நான்கு கால் சேர்ந்தால் அது ஐந்தடித் தோலாகிவிடும் அல்லவா? பையனின் தந்தை அங்கே வேலை செய்பவர். பையன் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே தோலின் பின்புறத்தைப் படித்தவன். பதினாறு அடி ஆட்டுத் தோல் என்று அவன் வீட்டில் யாராவது சொன்னால் அவர்கள்தாம் சிரித்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்து முறைப்படி அவன் விடை தவறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தவற்றுக்குள்ளே பின்னமும், நான்கு சேர்ந்தால் ஒன்றாகும் இடமாற்றமும், ஒரு குறியீட்டை ஒழுங்காகப் பின்பற்றும் பழக்கமும் இருந்தன. "எப்படி?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் எல்லாம் வெளிவந்திருக்கும். நான் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் தவறினான். பிறகு பள்ளிக்கு வரவில்லை. என் சிவப்பு மை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவும் மாட்டேன்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களை உளவியலாளர் மூவர் ஆராய்ந்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர்போல் வந்து விலை கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே எண்களைத் தாளில் பள்ளிக்கூடக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது சரியான விடை நூற்றுக்கு 37 அளவே. நம் நாட்டில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் இதே போன்ற சோதனை நடந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியோர் 2025-இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். சந்தைச் சிறுவர் பலர் ஏட்டுக் கணக்கில் தடுமாறினர். அதைவிட என்னை யோசிக்க வைத்தது மறுபாதி: ஏட்டுக் கணக்கில் தேறிய பள்ளிப் பிள்ளைகள் பலர் சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஆகவே பாலம் இரு கரைக்கும் தேவைப்படுகிறது.

ஒரு காலத்தில் நம்மிடம் இந்தப் பிளவு இவ்வளவு ஆழமாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலை மனப்பாடம் செய்வார்கள். நான்கு முந்திரி சேர்ந்தால் ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய பின்னங்கள் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டவை அல்ல. நெல்லும் நிலமும் பொன்னும் அளக்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிகளைப் பொற்காலமாகப் பாடவும் நான் தயாராக இல்லை. அங்கே பிரம்பு இருந்தது; எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திண்ணையில் இடம் இருக்கவில்லை; தோல் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கோ நிச்சயமாக இல்லை. கால், அரை, முக்கால் மட்டும் இன்றும் நம் நாவில் நிற்கின்றன. தோலின் பின்புறத்தில் எழுதப்படுவதும் அவையே.

தோல் ஷாப்பிலிருந்து திரும்பியபின் பரப்பளவுப் பாடத்தை வேறு விதமாகத் தொடங்கினேன். நம் புத்தகங்களில் பரப்பளவு என்றால் முதலில் செவ்வகம், பிறகு முக்கோணம், பிறகு வட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். உலகில் பெரும்பாலான பொருள்களுக்கோ சூத்திரம் கிடையாது. ஆட்டுத் தோலுக்குக் கழுத்து உண்டு, நான்கு கால் உண்டு, ஓரமெல்லாம் வளைவு. செய்தித்தாளைத் தோலின் வடிவில் வெட்டி, மூன்று அங்குலக் கட்டங்கள் வரைந்த பெரிய தாளில் வைத்தோம். ஒரு சதுர அடிக்கு இத்தகைய கட்டங்கள் 16. முழுவதும் உள்ளே அடங்கிய கட்டங்கள் 52. ஓரத்தில் வெட்டுப்பட்டவை 40. உள்ளே உள்ளவற்றை மட்டும் எண்ணினால் 3¼ சதுர அடி. வெட்டுப்பட்டவற்றையும் சேர்த்தால் 5¾. உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. "இரண்டரை அடி இடைவெளியா? எந்த வியாபாரி ஒத்துக்கொள்வான்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். பேச்சுக்குச் சதுர அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குக் கால் அடி பிழை என்றால் ஆயிரம் தோலில் 25,000 ரூபாய். ஆகவே கட்டத்தை ஓர் அங்குலமாகச் சுருக்கினோம். இப்பொழுது சதுர அடிக்கு 144 கட்டங்கள். உள்ளே 576, வெட்டுப்பட்டவை 126. பரப்பளவு 4-க்கும் 4⅞-க்கும் இடையில். இரண்டரை அடியாக இருந்த ஐயம் முக்கால் அடிக்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டது. எண்ணி முடிக்க ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தலைமை ஆசிரியருக்கு அதில் திருப்தி இல்லை.

தோல் அளக்கும் பழைய எந்திரம் இதே வேலையைச் சில விநாடிகளில் செய்கிறது. உருளையின்மேல் தோல் நகர்ந்து செல்லும். அதற்கு மேலே வரிசையாக நெருக்கமான சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் சிறு ஊசிகள். தோல் அடியில் சென்றால் ஊசி அமுங்கும்; வெறுமை சென்றால் அமுங்காது. இவ்வாறு ஒவ்வொரு சக்கரமும் தன் கீழே சென்ற தோலின் நீளத்தை அறிகிறது. அந்த நீளத்தைச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தால் பெருக்கினால் ஒரு மெல்லிய பட்டையின் பரப்பு. எல்லாப் பட்டைகளையும் பல்சக்கரங்கள் கூட்ட, முகப்பில் முள் நகர்ந்து நாலரை என்று காட்டுகிறது. இப்பொழுது ஊசிக்குப் பதிலாக ஒளியுணரிகள் பொருத்திய மின்னணு எந்திரங்கள் வந்துள்ளன. கணக்கு மாறவில்லை.

பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தொகையிடல் என்ற பாடத்தைக் கண்டு அஞ்சும் மாணவர்களே, அந்த எந்திரம் செய்வது அதுதான். வளைந்த உருவத்தைப் பட்டைகளாக அறுத்துக் கூட்டுவது. ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் பரவளையத்தின் பரப்பை, முக்கோணங்களை மேலும் மேலும் சிறியனவாக அடுக்கிக் கண்டார், கருத்து ஒன்றே. "சக்கரங்களை இன்னும் நெருக்கிக்கொண்டே போனால் பிழை பூச்சியமாகிவிடுமா?" என்று அதே மாணவி கேட்டாள். பூச்சியமாக வேண்டியதில்லை, ஆனால் எவ்வளவு சிறிய பிழையை நீ கேட்டாலும் அதற்கும் சிறியதாக்க முடியும் என்றேன். எல்லை என்ற கருத்தை, அந்தப் பெயரைச் சொல்லாமலே, எட்டாம் வகுப்பு மாணவி எட்டிப் பிடித்துவிட்டாள்.

விகிதத்துக்கும் சதவீதத்துக்கும் இங்கே வேறொரு வாயில் உண்டு. பாலாற்றை மாசுபடுத்தியது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இவ்வழக்குக்கும் பங்கு உண்டு. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது ஒரு வரம்பு. மில்லிகிராம் என்றதும் மிகச் சிறியது என்று தோன்றும். வரம்பைத் துளியும் மீறாமல் ஒரு லட்சம் லிட்டர் நீர் வெளியேறினால் எவ்வளவு உப்பு போகும்? 210 கிலோ. என் வகுப்பில் இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் என்னை நம்பாமல் மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிய கணக்கு அது.

பள்ளிக் கணக்கை எப்படித் திருத்துவது என்று பெரியவர்கள் யோசிக்காமல் இல்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜம் தலைமையில் ஒரு குழு, 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தையொட்டித் தந்த அறிக்கை, அச்சத்தையும் தோல்வியுணர்வையும் முதற்குறையாகக் காட்டிற்று; குழந்தை கணித முறையில் சிந்திக்கப் பழகுவதே நோக்கம் என்றது. முத்தியால்பேட்டையில் ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் பெயரால் கணித அருங்காட்சியகமும் கல்வி மையமும் ஏற்படுத்தினார். தாளை மடித்தும் எண்களை அடுக்கியும் பிள்ளைகளே உண்மையைக் கண்டுபிடிக்கும்படி செய்தவர் அவர். இவற்றைப் படித்த பிறகும் ஆசிரியர் கையில் சிவப்பு மை இருக்கத்தான் செய்யும். அதைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்.

எனக்கு ஒரு பாடம் இன்னும் பாக்கி இருந்தது. செய்தித்தாள் தோலைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்ட ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். காலணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "ஏன் சார், இந்தத் தோலை விட்டு வெளியே போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்புகிறேன்? நீங்கள் வகுப்பிலேயும் தோலைத்தான் விரிப்பீர்களா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி முழு உண்மை. 4² என்பது தோலிலே நாலரையாகவும் இயற்கணிதத்திலே பதினாறாகவும் இருக்கும் என்று இரண்டையும் அறிந்தவனுக்குத்தான் எங்கும் போக வழி உண்டு. தெரிந்த பொருளில் தொடங்கலாம். அங்கேயே பிள்ளையை உட்கார வைத்துவிடக் கூடாது. "அம்மா, அடுத்த வாரம் தோல் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வகுப்பில் விரித்தது ஓர் ஏரியின் வரைபடம். கரை நெடுகிலும் வெட்டுப்பட்ட கட்டங்களைப் பாதியாகக் கொள்வதா, விட்டுவிடுவதா என்று இரண்டு பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. வழக்கை மறுநாளைக்கு ஒத்திவைத்தோம்.