பாலைவனத்துக் காகம்

 

கொத்மலையில் நம் தகரக் கூரையில் அமர்ந்து கரையும் அண்டங்காக்கையை அறிவீர்கள். மழையும் பனிமூட்டமும் தேயிலை மலையும் அதற்குப் பழக்கம். அதன் உறவினமான பழுப்புக் கழுத்துக் காகமோ நிழலற்ற மணல்வெளியில் வாழ்கின்றது. சஹாராவிலிருந்து அரபு நாடுகளைக் கடந்து ஈரானுக்கும் அப்பால் அது பரவியுள்ளது. செத்த பிராணி, பாம்பு, வெட்டுக்கிளி, பேரீச்சம்பழம் என எதையும் உண்ணும். ஒட்டகத்தின் முதுகிலேறி உண்ணிகளைக் கொத்துவதும் உண்டு. பாறை இடுக்கிலோ தனித்து நிற்கும் மரத்திலோ கூடு கட்டும். மிஞ்சிய இரையை நிலத்தில் புதைத்து மறைப்பது காக இனத்தின் பொதுவான பழக்கம்.

ஜாஹிலிய்யாக் கால அரபிகள் காகம் கரைவதைப் பிரிவின் சகுனமெனக் கருதினர். நபி (ஸல்) அவர்கள் பறவைச் சகுனத்தை மறுத்தார்கள். ஆயினும், "காகம் கரைகிறது, விருந்தாளி வருவார்" எனப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போர் நம்மிடையே இன்றும் உளர்!

அல்குர்ஆன் காகத்தைக் குறிப்பிடுவது ஒரே வசனத்தில்: அல்மாஇதா, 31. சகோதரனைக் கொன்றவன் உடலை என்செய்வதென அறியாது நின்றபோது, அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது நிலத்தைத் தோண்டிற்று. அது எவ்வகைக் காகமென வசனம் கூறவில்லை. நாமும் துணிந்து கூறலாகாது. அக்காகத்தின் அளவுக்கேனும் தனக்கு இயலவில்லையே என அவன் கைசேதப்பட்டான். நம் மையவாடியில் கபுறு வெட்டும் இளைஞர்கள் செய்வதும் அன்று அப்பறவை காட்டியதையே.